முக்கால் ஆதரவு, கால் எதிர்ப்பு

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன் கொள்முதல் விலையை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் படத்துக்குள்ளிருந்து என் அப்பா இருமுவார். ஆனால் கதை எழுதுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே உண்மையைக் கக்கிவிட வேண்டும் என்று இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. அதனால் சொல்லிவிடுகிறேன். எதிர்க்கடை பாப்பம்மாள் அக்கா ஒருநாள் என் சேலைக்கடைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மெத்தை விரிப்பில் சப்பணமிட்டு உட்கார்ந்து, "தம்பி, உனக்குக் கன்னடத்துல எழுத வருமல்ல? ஒரு காயிதம் எழுதோணும்" என்றாள். சேலை வாங்க வந்தவள் என்று நினைத்து நான் மூன்று சேலையை விரித்திருந்தேன். அதை மடித்து வைக்கிற நேரத்தில் கதை உள்ளே வந்துவிட்டது.

ஆரம்பத்தை மட்டும் பல தடவை எழுதினேன்.

"மைசூரின் ஆகாயத்தில் அன்று கருமேகங்கள்" — விட்டுவிட்டேன். அன்றைக்கு மேகமே இல்லை.

"கருத்துரிமை என்பது ஒரு நாகரிகச் சமூகத்தின்" — இதையும் விட்டேன். இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே காசு கொடுத்து வாங்க மாட்டேன். உங்கள் தலையில் கட்டினால் பாவம்.

"பாப்பம்மாளின் கண்களில் கோபக் கனல்" — பொய். அவள் கண்ணில் இருந்தது, இந்தச் சேலைக்காரன் எழுதிக் கொடுக்க என்ன கேட்பானோ என்ற யோசனை.

ஆகவே கடையில் செய்வதையே இங்கேயும் செய்கிறேன். சரக்கை விரித்துப் போட்டுவிடுகிறேன். தொட்டுப் பாருங்கள். கிழிசல் இருந்தால் சொல்லுங்கள். மாற்றித் தர மாட்டேன், ஆனாலும் சொல்லுங்கள்.

2

எங்கள் தெருவின் ஒரு முனை மெயின் ரோடு, மறு முனை பூங்கா. ஹெப்பாள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடிந்து கிளம்பும் பஸ் சாயங்காலம் இந்தத் தெருவுக்குள் வந்து, பாப்பம்மாளின் பாத்திரக்கடைக்கு நேர் எதிரே நிற்கும். இறங்குகிறவர்கள் களைத்துப்போய் இறங்குவார்கள். களைத்தவர்கள் கடை கடையாக ஏறி இறங்க மாட்டார்கள். கண்ணில் பட்ட கடையில் குக்கர் ரப்பரோ, டிபன் பாக்ஸோ, பிளாஸ்டிக் வாளியோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பாப்பம்மாளின் குடும்பம் நடப்பது அந்த ஒரு பஸ்ஸில்தான். ஹனூர் பக்கம் ராமாபுரத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து, புருஷன் போன பிறகும் கடையை மூடாமல் நடத்துகிறாள்.

இந்த நிலையில் ஓர் அரசு அலுவலகம்* எங்கள் தெருவை ஒருவழிப் பாதையாக்கியது. காலைப் பஸ் தெரு வழியாகப் போகும். சாயங்காலப் பஸ் பின்ரோட்டைச் சுற்றிக்கொண்டு வரும். பின்ரோட்டில் அது நிற்கிற இடத்தில் சித்தையனின் ஹோட்டல் இருக்கிறது. ஆகவே சித்தையன் ஒருவழிப் பாதைக்கு ஆதரவு, பாப்பம்மாள் எதிர்ப்பு. இரண்டுக்கும் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, பஸ்தான் இருக்கிறது.

நான்? என் கடைக்கு வருகிறவர்கள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆட்டோவிலோ காரிலோ வருகிறவர்கள். எப்படிச் சுற்றிவிட்டாலும் வந்து சேர்ந்துவிடுவார்கள். எனக்கு ஒருவழியும் சரி, இருவழியும் சரி. அதனால்தான் என்னை ஊரில் நடுநிலையாளன் என்று மதிக்கிறார்கள்.

(இந்த இடத்தில் 'பஸ்ஸுக்கு மட்டுமா ஒருவழிப் பாதை, கருத்துக்கும்தான்' என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். மேடையில் சொன்னால் கைதட்டு விழும். அந்தப் பயத்திலேயே அடித்துவிட்டேன்.)

அதே அலுவலகம் பூங்காவில் ஞாயிறுதோறும் 'மக்கள் மேடை' என்று ஒன்று போடுகிறது. ஷாமியானா, மைக், நாற்காலிகள், வந்தவர்களுக்கு மோர். வாசலில் ஒரு போர்டு: 'யார் வேண்டுமானாலும் பேசலாம். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம்.' அதற்குக் கீழே எறும்பு சைஸில் இன்னொரு வரி: 'பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும்.'

முதல் ஞாயிறே சித்தையன் ஏறினார். நாலே வரி எழுதிக் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் பேசினார். ஒருவழிப் பாதை வந்த பிறகு தன் ரத்த அழுத்தம் குறைந்துவிட்டது என்றார். பழைய பாதையை இரண்டு கெட்ட வார்த்தைகளால் திட்டினார். கடைசியில் அழுதார். யாரும் மைக்கை அணைக்கவில்லை.

அடுத்து மேடை ஏறுவது தான்தான் என்று பாப்பம்மாள் முடிவு செய்தாள்.

* அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. பெயர் எழுதினால் மறுப்பு வரும். எழுதாவிட்டால் எல்லா அலுவலகமும் தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்ளும். எழுதாததில்தான் லாபம்.

3

அவள் மேடையில் சொல்ல நினைத்தது ஒரே ஒரு வாக்கியம்: "சாயங்காலப் பஸ்ஸை எங்க தெரு வழியா உடுங்க." அவ்வளவுதான்.

ஆனால் என்னை எழுதச் சொன்னது நான்கு.

"ஒண்ணு. மைசூர்ல இருக்கிற அத்தனை ஒன்வேயும் கேன்சல் பண்ணோணும்."

எழுதினேன்.

"ரெண்டு. இதைப் போட்ட ஆபீசருங்க அத்தனை பேரும் சித்திரை மாச வெயில்ல எங்க பஸ் ஸ்டாப்புல குடையில்லாம நிக்கோணும்."

"அக்கா..."

"நீ எழுது. மூணு. அந்த ஆபீசையே தூக்கி நஞ்சன்கூட்டுக்கு மாத்தோணும்."

"நஞ்சன்கூடு எதுக்குக்கா?"

"அங்க கோயில் இருக்குதல்ல? இவங்களைச் சாமி பாத்துக்கும். நாலு. சாயங்காலப் பஸ் எங்க தெருவுல வரோணும்."

பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் என் மேல் பரிதாபப்பட்டாள்.

"நீ சேலைக்காரன்தானே தம்பி? நீயா என்னைக் கேக்கறே? நஞ்சன்கூட்டை அவங்க கொறைப்பாங்க, நான் உடனே உட்டுக் குடுத்துருவேன். வெயிலைக் கொறைப்பாங்க, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்டுக் குடுப்பேன். மைசூர் பூராவும் முடியாதும்பாங்க, நான் எந்திரிச்சு வாசல் வரைக்கும் போவேன். திரும்பக் கூப்புடுவாங்க. கடைசில பஸ்ஸுல வந்து நிக்கும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு சேலைக்கு நான் முதலில் என்ன விலை சொல்வேன், கடைசியில் எதில் முடிப்பேன் என்பதெல்லாம் இந்தத் தெருவுக்கே தெரியும். எங்கள் கடைத்தெருவில் முதலில் சொல்வது சும்மா ஒரு வணக்கம். அதை அப்படியே எடுத்துக்கொள்கிற மனிதரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

பார்க்கப் போகிறோம். அடுத்த பகுதியில் வருகிறார்.

4

மேடைப் பேச்சுக்கு ஒப்புதல் தரும் அதிகாரி ஜெயகிருஷ்ணனை முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தேன். முறுக்கு மீசை, கறுப்புக் கண்ணாடி, வாயில் வெற்றிலை. பாப்பம்மாளின் காகிதத்தை வாங்கி, படிக்காமலே கிழித்து, அந்தத் துண்டாலேயே காது குடைந்தார். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் படித்தபோது இந்த ஆளை எங்கேயோ சினிமாவில் பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. மீசையை எடுத்தேன். கண்ணாடியை எடுத்தேன். வெற்றிலையையும் துப்பச் சொன்னேன். மிச்சம் இருந்தது நிஜ ஜெயகிருஷ்ணன். அவர் இன்னும் ஆபத்தானவர், ஏனென்றால் நல்லவர்.

தாத்தா ரயில்வே வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். அப்பாவும் அரசாங்க உத்தியோகம். தலைமுறை தலைமுறையாக மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வீடு. சாமான் என்றால் மேலே விலை அச்சடித்திருக்க வேண்டும் அவர்களுக்கு. கீரைக்காரியிடம்கூடப் பேரம் பேசியதில்லையாம். சொன்னதைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து வருத்தப்படுவார்களாம்.

அவர் பாப்பம்மாளுக்கு நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். நான்கு கோரிக்கையையும் ஒரு வரி விடாமல் படித்தார்.

"சரிம்மா. வாங்கிண்டேன்" என்றார்.

பாப்பம்மாள் காத்திருந்தாள். அவர் பேனாவை மூடினார்.

"ரெண்டாவது கொஞ்சம் கடுசாட்ட இருக்குதுங்களா சாருங்?" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"அதெல்லாம் உங்க கருத்துமா. நான் எப்படிச் சொல்றது?"

"நஞ்சன்கூடு தூரங்களா?"

"ஒரு எழுத்துகூட நான் தொடமாட்டேன். குடிமக்கள் எழுதினதை அதிகாரி திருத்தினா அது தப்பு."

அவள் எழுந்தாள். வாசல் வரைக்கும் போனாள். மெதுவாகத்தான் போனாள். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

"தம்பி" என்றாள் தெருவுக்கு வந்ததும். அவள் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அப்போதுதான். "அந்த மனுசன் கொறைக்கவே இல்லியே?"

5

நேர்மையான மனிதர் காகிதத்தை அப்படியே மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் அதை இன்னும் மேலே அனுப்பினார்கள். போகப் போகப் பெரிதாகியிருக்க வேண்டும். அடுத்த வாரம் ஒரு கான்ஸ்டபிள் பாத்திரக்கடைக்கு வந்து, வாளி அடுக்குக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கன்னடத்தில்தான் கேட்டார். நான் தமிழில் தருகிறேன்.

"ஆபீசை மாத்தறது எப்போ?"

"எந்த ஆபீசுங்?"

"நஞ்சன்கூட்டுக்கு மாத்தறதா எழுதிக் குடுத்திருக்கீங்களே. எத்தனை பேர் சேர்ந்து மாத்தறீங்க?"

"நான் ஒருத்திதானுங்க."

"ஒருத்தியாவா?" என்று அவர் நிமிர்ந்து, பாப்பம்மாளின் கைகளைப் பார்த்தார். "வண்டி?"

"சாமி, அது சும்மா ஒரு பேச்சுக்குங்க."

"நஞ்சன்கூட்டுல உறவுக்காரங்க இருக்காங்களா?"

"கொழுந்தனார் பொண்ணைக் குடுத்திருக்குது."

அதை எழுதிக்கொண்டார். பிறகு, வந்ததுதான் வந்தோம் என்று, ஐந்து லிட்டர் குக்கருக்கு ஒரு ரப்பர் வாங்கிக்கொண்டு போனார். சித்தையன் ஹோட்டலுக்குப் போகிறவர்களெல்லாம் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தார்கள். பாப்பம்மாளும் சிரித்தாள், நோட்டீஸ் வருகிற வரைக்கும்.

நோட்டீஸில் இருந்தது இதுதான்: காகிதத்தில் எழுதியதற்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். அதுவரை கடை லைசென்ஸ் புதுப்பிக்கப்படாது.

கதையை வேண்டுமென்றே இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். ஏனென்றால் இதற்கு மேலும் சிரிக்கலாமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. லைசென்ஸ் இல்லாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான். பஸ் எந்த ரோட்டில் வந்தால் என்ன?

சிரிக்கலாம் என்று அவளே சொன்னாள். "நீ அழுதா மட்டும் லைசென்சு வந்துருமா?"

6

பேரத்துக்குப் போகிறவரோடு துணைக்கு ஓர் ஆள் போக வேண்டும். அந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது. எதிராளி ஒரு விலை சொல்லும்போது மட்டும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ச்சு' கொட்ட வேண்டும். எங்கள் தொழிலில் அது மரியாதைக்குரிய பதவி. அந்தப் பதவியில் நான் பாப்பம்மாளோடு ஜெயகிருஷ்ணனின் அறைக்குப் போனேன்.

"உங்களுக்கு இவ்வளவு தூரம் ஆகும்னு நான் நினைக்கலைம்மா" என்றார் அவர். நிஜமாகவே வருத்தப்பட்டார். "மேலேருந்து உத்தரவு தெளிவா வந்திருக்கு. திட்டத்தை வரவேற்கற பேச்சுன்னா நான் இங்கேயே கையெழுத்துப் போட்டுடலாம். எதிர்க்கற பேச்சுன்னா மேலே போகணும்."

"மேல போனா எப்பத் திரும்புங்?"

"இதுவரைக்கும் ஒண்ணும் திரும்பலை."

ச்சு.

"ஏனுங் சாரு, நான் சத்தம் போட்டுருவேன்னு பயமுங்களா?"

"சத்தம் போடலாமே. மைக்கே இருக்கு."

"நேரம் சாஸ்தியாயிருமுங்களா?"

"சித்தையன் அரைமணி பேசினாரே."

"கெட்ட வார்த்தை பேசிருவேன்னா?"

"அவர் ரெண்டு பேசினார். உணர்ச்சிபூர்வமான வரவேற்புன்னு எழுதிண்டோம்."

"அப்ப என்னதானுங் கோளாறு?"

ஜெயகிருஷ்ணன் கதவைப் பார்த்தார். குரலை இறக்கினார். "கருத்துதாம்மா."

நான் 'ச்சு' கொட்டலாமா என்று யோசித்தேன். இந்த மாதிரி விலையை யாரும் இதுவரை சொன்னதில்லை.

பாப்பம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "சரிங். முழு எதிர்ப்பு வேண்டாம். பாதி ஆதரவு, பாதி எதிர்ப்பு. முடிச்சுக் குடுங்க."

"அப்படியெல்லாம் ஆகாதும்மா."

"ஆகாதுங்களா? சரி, உங்க மொகத்துக்காகச் சொல்றேன். முக்கால் ஆதரவு, கால் எதிர்ப்பு. இதுக்கு மேல எனக்குக் கட்டாதுங்."

அந்த நேரத்தில் நான் ஜெயகிருஷ்ணனின் காதுகளைப் பார்த்தேன். சிவந்துகொண்டிருந்தன. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வராத ஆசை அவருக்கு வந்துவிட்டது. கையில் பேனாவை எடுத்தார்.

"கால்ல என்ன வரும்?"

"நாலாவது மட்டுங். பஸ்ஸு."

எழுதப் போனவர் நிறுத்தினார். "அது கால் இல்லைம்மா. நீங்க சொல்ல வந்ததே அதுதானே? அதுதான் முழுசு."

ஆளைக் குறைத்து எடை போட்டுவிட்டோம் என்று தெரிந்தது.

"அப்ப எதிர்ப்பாச் சொல்லலீங். கேள்வியாக் கேக்கறேன். சாயங்காலப் பஸ்ஸு எங்க தெருவுல வருமான்னு ஒரு கேள்வி. கேள்வி கேட்டா குத்தமுங்களா?"

அவர் உத்தரவை எடுத்து மறுபடி படித்தார். "நீங்க கேட்டா எதிர்ப்புதாம்மா."

"சித்தையன் கேட்டா?"

"அவர் கேட்டா ஆர்வம்."

"அதே கேள்விதானுங்களே?"

"அதே கேள்விதான். ஆனா அவர் நம்ம பக்கம்னு முன்னாடியே தெரியுமே."

நான் என் பதவியை மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். ஜெயகிருஷ்ணனும், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி, மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி வைத்தார். பிறகு பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

"எனக்கே கேக்க நன்னா இல்லை" என்றார். "இப்ப ஒண்ணு பண்ணலாம். அஞ்சு வாக்கியம் நானே தமிழ் எழுத்துல எழுதித் தரேன். எல்லாம் வரவேற்பு. அதை மேடையில படிச்சுடுங்கோ. நோட்டீஸை நான் முடிச்சுடறேன், லைசென்ஸ் வந்துடும். இதுதான் என்னால முடிஞ்சது."

பாப்பம்மாள் விரல் விட்டு ஐந்து வரை எண்ணினாள். பிறகு கேட்டாள்: "அஞ்சையும் ஒரே மூச்சுல படிக்கோணுங்களா?"

"இல்லையே. நடுவுல மூச்சு விட்டுக்கலாம்."

"அதுக்கு ஒப்புதல் வேணுங்களா?"

ஜெயகிருஷ்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.† "மூச்சைப் பத்தி உத்தரவுல ஒண்ணும் இல்லைம்மா" என்றார்.

† ஆசிரியனுக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். அவர் மனதுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வர எனக்கு அதிகாரம் இருக்கிறது. போகவில்லை. புரிந்தது என்று எழுதினால் அந்த மனிதரின் வேலைக்கு ஆபத்து. புரியவில்லை என்று எழுதினால் அவரை முட்டாளாக்கியதாகும்.

7

இதுவரை எழுதியதைப் பாப்பம்மாள் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒரு கையில் சீப்பும் ஒரு கையில் கூந்தலுமாகக் கேட்டாள்.

"ஏந்தம்பி, அந்த ஆபீசரு என்ன சொன்னாலும் 'என்றார், என்றார்'ங்கறே. சித்தையனுக்கும் 'பேசினார்'. எனக்கு மட்டும் 'என்றாள்'?"

"பிரியமா எழுதினதுக்கா. நெருக்கம்."

"உன்ற நெருக்கத்தைக் கொண்டுபோயி உன்ற சேலையில சுத்து. வயசுல உனக்கு மூத்தவ."

"அப்படின்னா அவருக்கும் கொறைச்சு 'என்றான்'னு போட்டுடட்டுமா?"

"அவருக்கு எதுக்குக் கொறைக்கறே? எனக்கு ஏத்து."

ஏற்றிவிட்டேன். மேலே இருப்பதைத் திருத்தவில்லை. எப்படி இருந்தது என்று நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இன்னொண்ணு" என்றார் அக்கா. "எல்லாரும் என்ன சொன்னாங்கன்னு எழுதியிருக்கே. நீ எந்தப் பக்கம்னு எங்கயும் காணமே?"

"நான் கதையை எழுதறவன்கா."

"எழுதறவனுக்கு வாய் இல்லியா?"

இதற்கு நான் எழுதி வைத்திருந்த பதில் ஒரு பத்தி நீளம். கலைஞனின் விலகல், படைப்பாளியின் சமநிலை என்று நன்றாகவே வந்திருந்தது. "கலைஞன் என்பவன் தன் காலத்தின்" — அவர் சீப்பை வாயில் கவ்விக்கொண்டு கொண்டை போட ஆரம்பித்துவிட்டார். நானும் அந்தப் பத்தியை மூடிவிட்டேன்.

8

முடிவுகள். கைவசம் சில இருக்கின்றன.

நடுவில் ஒன்று நிஜமாகவே நடக்கப் பார்த்தது. அக்கா சித்தையனிடம் போனார். "நீ கேட்டா ஆர்வமாமே, எனக்காக அந்தக் கேள்வியை நீ மேடையில கேட்டுரு" என்றார். சித்தையன் உடனே ஒத்துக்கொண்டார். "கேக்கறேன் அக்கா, அதுக்கென்ன? ஆனா பஸ் நம்ம ஹோட்டல்கிட்டயே நிக்கும்னு பதில் வந்தா கோவம் பேடா, கோவிச்சுக்காதீங்க." அக்கா சந்தோஷமாகத் திரும்பி வந்தார். பாதித் தெரு வந்தவர் நின்றார். திரும்பிப் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

"ஏன்க்கா?"

"அவன் கேட்டா ஆர்வம்னல்ல எழுதிக்குவாங்க? அப்பறம் அதையும் ஒன்வேக்கு வந்த வரவேற்புன்னு கூட்டிக்குவாங்க. என்ற வாக்கியம் என்ற பஸ்ஸுக்கே எதிரா ஓட்டுப் போட்டுரும்."

ஆகவே அந்த முடிவு போயிற்று.

அடுத்தது: அக்கா ஐந்து வாக்கியத்தையும் அளவுக்கு மீறிப் புகழ்ந்து, குரலை ஏற்றி இறக்கிப் படிக்கிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது, விஷயம் எல்லாருக்கும் புரிகிறது. அழகான முடிவு. ஆனால் அக்காவுக்கு நடிக்க வராது. கூட்டத்தின் சிரிப்பையும் 'மக்கள் மகிழ்ச்சி' என்று எழுதிக்கொள்வார்கள்.

இன்னொன்று: அக்கா வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறார், மைக் அணைகிறது. ஜெயகிருஷ்ணன் எழுந்து வந்து, எல்லார் முன்னாலும், தன் கையாலேயே மைக்கைப் போடுகிறார். எழுதும்போது என் கண்ணே கலங்கிவிட்டது. கிழித்துப் போட்டேன். என் கண் கலங்கினால் விலையை ஏற்றிச் சொல்கிறேன் என்று அர்த்தம்.

கடைசியாக: அக்கா ஐந்து வாக்கியத்தையும் படிக்கிறார். நன்றி, வணக்கம் என்கிறார். இறங்கி மோர் குடிக்கிறார். லைசென்ஸ் வருகிறது. என் வியாபார மூளை இதில்தான் முடியும் என்கிறது. இதை எழுதினால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். எழுதாமல் விட்டால் மட்டும் நடக்காமல் போய்விடுமா?

9

இதை எழுதுவது சனிக்கிழமை மத்தியானம். அக்கா பேசப் போவது நாளைக் காலை. அதனால் என்னிடம் முடிவு இல்லை. இருந்தால் ஒளித்து வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் இழுத்திருக்க மாட்டேன், முதல் பக்கத்திலேயே விற்றிருப்பேன்.

சற்று முன்பு அக்கா வந்துவிட்டுப் போனார். உட்காரவில்லை.

"தம்பி, நாளைக்கு முன் வரிசையில உக்காரு."

"பின்னாடி உக்காந்தா காத்து வரும்க்கா."

"மூணாவது வாக்கியம் முடிஞ்சதும் நிறுத்தி மூச்சு உடுவேன். அந்த மூச்சுல என்ற வாக்கியத்தைச் சொல்லிருவேன். மைக்செட்டுக்காரன் அணைச்சுருவான், தெரியும். மைக் இல்லாட்டி என்ற தொண்டை ரெண்டு வரிசைக்கு மேல போகாது. நீ எந்திரிச்சு அதையே ஒருக்காச் சத்தமாச் சொல்லிரு. கடைசி வரிசை வரைக்கும் போகோணும்."

"லைசென்சு?"

"போனா போகுதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. போகும்னு தெரிஞ்சுதான் சொல்லப் போறேன். நீ வருவியா?"

நான் பேரத்தை ஆரம்பித்தேன். பழக்கம்.

"அதையே அழகா அச்சடிச்சு எல்லார் கையிலயும் குடுத்துடட்டுமாக்கா?"

"காயிதத்தால வந்த வினைதான் இத்தனையும்."

"நீங்க சொன்னதும் பலமாக் கை தட்டறேன்."

"தட்டுனா ஆதரவுன்னு எழுதிக்குவாங்க."

"உக்காந்துக்கிட்டே சொல்லட்டுமா?"

அக்கா என் கடையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரிகளை, கல்லாவை, கல்லாவுக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் என் லைசென்ஸை. அது எப்போது முடிகிறது என்று அதிலேயே எழுதியிருக்கிறது, அவருக்குக் கன்னடம் படிக்க வராது, ஆனாலும் பார்த்தார்.

"நல்லா யோசி" என்றார். "ஆனா நாளைக்குள்ள யோசி." போய்விட்டார். எதிர்க்கடையில் யாரோ வாளியைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

கடையில் யாரும் இல்லை. அந்த வாக்கியத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஐந்தாறு சொல்தான். சேலை விற்க நாள் முழுக்கக் கத்துகிற தொண்டை இது. முதல் சொல்லைத் தாண்டவில்லை. இன்னொரு முறை சொல்லிப் பார்க்கலாம் என்றபோது ஒரு வாடிக்கையாளர் உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ன சொன்னீங்க?" என்றார். "ஒண்ணுமில்லை, உள்ளே வாங்க" என்றேன்.

ஆகவே உங்களிடம் வருகிறேன். வாக்கியம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் எந்த ரோட்டுப் பக்கமும் இல்லை, இந்தத் தெருவில் உங்களுக்குக் கடையும் இல்லை, புதுப்பிக்க வேண்டிய லைசென்ஸும் இல்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த ஞாயிறு போயிருந்தால் போகட்டும், வாராவாரம் மேடை போடுகிறார்கள், வாராவாரம் யாராவது மூச்சு விடாமலா இருப்பார்கள்? பூங்காவுக்கு வாருங்கள். முன் வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை போட்டு வைக்கிறேன். அக்கா மூன்றாவது வாக்கியத்தை முடிப்பார். மைக் 'டொக்' என்று அணையும். அப்போது நீங்கள் எழுந்து முதல் சொல்லைச் சொல்லுங்கள்.

மூன்றாவது சொல்லிலிருந்து நான் சேர்ந்துகொள்கிறேன்.

சரி. இரண்டாவது.